குழந்தைக்குக் கிரேக்கப் புராணப் பெயர்: தேடுவதிலிருந்து பதிவு வரை முழுமையான வழிகாட்டி

கிரேக்கப் புராணத்தில் பெயர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் ஒலி பிடித்துப்போகிறது. பிறகு இணையத்தில் 'அர்த்தம்' என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. அதோடு பெயர் முடிவாகிவிடுகிறது. அந்தப் பெயருக்குரியவளுக்குக் கதையில் என்ன ஆனது, பாட்டி வாயில் அது என்னவாக மாறும், பள்ளியில் எப்படி வாசிப்பார்கள் என்பதெல்லாம் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

கதையை முதலில் பாருங்கள், ஒலியைப் பிறகு பாருங்கள். ஒலி ஒருமுறை மனதில் உட்கார்ந்துவிட்டால், கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும் மனம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

1. தேடும் முன் தீர்க்க வேண்டியவை

ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். கதை படிக்கவும் பெயரை வாயில் போட்டுப் பழகவும் சில வாரங்கள் தேவை. பிரசவம் முடிந்த களைப்பில் இரண்டும் நடக்காது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை தாய், தகப்பன் இருவருக்கு மட்டும் இருக்கட்டும். குடும்பத்தின் குழுவில் பட்டியலைப் போட்டால் மிஞ்சுவது யாருக்கும் பிடிக்காமலும் வெறுக்காமலும் இருக்கும் ஒரு பெயர்தான். வீட்டுப் பெரியவர்களின் உதவி ஆறாவது படியில் கட்டாயம் வேண்டும், ஆனால் அது வேறு வேலைக்கு.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடு என்றால் ஒரே எழுத்தில் பெயர்களைக் குவிக்காதீர்கள். குழந்தை பிறந்த பிறகுதான் நட்சத்திரம் தெரியும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மெ. கிரேக்கப் பெயர்களில் உயிரெழுத்தில் தொடங்குபவை ஏராளம் என்பதால் கார்த்திகைக்காரர்களுக்குக் கவலையே இல்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் 'அந்நிய தெய்வத்தின் பெயரா' என்ற கேள்வி வரும். அப்படி வந்தால் வேதாகமத்திலேயே இருக்கும் கிரேக்கப் பெயர்களைப் பாருங்கள். ரோமர் நிருபத்தில் வரும் பெபேயாள்தான் ஃபீபி. கொரிந்தியருக்கு எழுதியதில் வரும் குலோவேயாள்தான் குளோயி. முதலாவது மூத்த தலைமுறைக் கடவுளரான டைட்டன்களில் ஒரு தேவியின் பெயர், இரண்டாவது பயிர்த்தேவி டெமிட்டருக்கு இருந்த அடைமொழி.

2. பட்டியல் தளங்களை மூடிவிட்டு மூலத்துக்குப் போங்கள்

பெயர்ப் பட்டியல் தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்தவை. அதனால் எல்லோருக்கும் அதே முப்பது பெயர்கள்தான் கிடைக்கும். அரிய பெயர் தேடி வந்த நோக்கமே வீணாகிவிடும். கலப்படமும் அதிகம். டயானா, வீனஸ், அரோரா, லூனா, மினெர்வா எல்லாம் ரோமானியப் பெயர்கள். அவற்றுக்கு ஈடான கிரேக்கப் பெயர்கள் ஆர்ட்டெமிஸ், அஃப்ரோடைட்டி, ஈயோஸ், செலீனி, அத்தீனா. சோஃபியா கிரேக்கச் சொல்தான், ஆனால் அந்தப் பெயரில் பேர்பெற்ற புராணப் பாத்திரம் எதுவும் இல்லை. லைரா ஒரு நரம்புக் கருவி, ஒரு நட்சத்திரக் கூட்டம், ஆள் அல்ல. கிரெசிடா, டிராய் போர்க் கதையில் இடைக்கால ஐரோப்பியர் சேர்த்துக்கொண்ட பாத்திரம்.

உண்மையான சுரங்கம் கி.மு. 700ஐ ஒட்டி ஹெசியட் பாடிய 'தியோகொனி'. கடவுளரின் வம்சாவளியைச் சொல்லும் பாட்டு அது. ஒன்பது கலைத்தேவியரையும், கடல் கிழவன் நெரியஸின் 50 மகள்களையும், பெருங்கடல் ஓஷியனஸின் மகள்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களையும் பெயர் பெயராக அடுக்குகிறது. யூடோரா என்றால் நல்ல கொடை. இரண்டு மகளிர் பட்டியலிலும் இந்தப் பெயர் உண்டு. கலீனி என்றால் அலையடங்கிய கடல்; இன்றும் கிரேக்க மொழியில் அமைதிக்கு அதுதான் சொல். இயாந்தி என்றால் வயலட் பூ. இவர்களில் பலருக்குச் சொல்லும்படியான கதையே இல்லை. அடுத்த படியைப் படிக்கும்போது அது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

இன்னொரு இடம் வானம். நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தைத்தான் கிரேக்கர்கள் பிளையடீஸ் என்றார்கள். நம் கதையில் ஆறு பெண்கள், அவர்கள் கணக்கில் ஏழு சகோதரிகள்: மாயா, எலக்ட்ரா, தய்கெட்டி, அல்சியோனி, செலீனோ, ஸ்டெரோப்பி, மெரோப்பி. கார்த்திகை நட்சத்திரத்தில் பிறக்கும் பெண் குழந்தைக்கு இதைவிட நேரான பாலம் கிடைக்காது.

ஆண் பெயர்களில் பஞ்சம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரிசை வீரர்கள் பாதிப்பேர் கொலைகாரர்கள், மீதிப்பேர் 'ஸ்' என்று முடிகிறவர்கள். இரண்டாம் வரிசையில் தேடுங்கள்: இயோன், பிலேமோன், இவாண்டர், நெஸ்டர்.

இந்தப் படியின் முடிவில் 15 முதல் 20 பெயர்கள் இருந்தால் போதும்.

3. கதையைக் கடைசி வரை படியுங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வரி எழுதுங்கள். பெற்றோர் யார், இவர் என்ன செய்தார், இவருக்கு என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. பெயரின் பொருளை இப்போது எழுத வேண்டாம். பொருள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆளை மயக்குவதே அதுதான்.

ஃபீட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் 'ஒளிமிக்கவள்'. கதையில் அவள் கணவனின் மூத்த தாரத்து மகன் மேல் ஆசைப்படுகிறாள், அவன் மறுக்கிறான், அவன் மேல் பொய்ப் பழி போட்டுவிட்டுத் தூக்கில் தொங்குகிறாள், அவனும் அந்தப் பழியால் சாகிறான். ஜேசனுக்குப் பொருள் 'குணமாக்குபவன்'. எல்லாவற்றையும் விட்டு வந்து உதவிய மனைவியைக் கைவிட்டு ராஜகுமாரியைக் கட்டப்போனவன் அவன். லியாண்டர் தன் காதலி ஹீரோவைப் பார்க்க இரவுதோறும் டார்டனெல்ஸ் நீரிணையை நீந்திக் கடந்தவன். ஒருநாள் காற்றில் அவளுடைய விளக்கு அணைந்தது, மூழ்கிப்போனான். ஒலியில் கவர்ச்சியான பெயர்தான். கடற்கரை ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள்.

வியாழனின் நிலாக்கள் என்று கேட்டதும் அயோ, யூரோப்பா, கலிஸ்டோ எல்லாம் விண்வெளிப் பெயர்கள் போல மின்னும். மூவருமே கடவுளரின் அரசன் சியூஸால் ஏமாற்றப்பட்டோ கவரப்பட்டோ சீரழிந்த பெண்கள். வியாழனுக்கு ரோமானியர் வைத்த பெயர் ஜூப்பிட்டர், அதாவது சியூஸ். அந்தக் கோளைச் சுற்றும் நிலாக்களுக்கு அவனிடம் சிக்கியவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. துன்பம் வந்த பெயரெல்லாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டே போனால் பட்டியல் காலியாகிவிடும். கிரேக்கப் புராணத்தில் அழாதவர் யாருமில்லை. இரண்டு வகையை மட்டும் நீக்குங்கள். ஒன்று, தானே கொடுமை செய்தவர்கள். இரண்டு, பெயரே பழமொழியாகிவிட்டவர்கள்: தன் அழகில் தானே மயங்கிய நார்சிஸஸ், கேடுகளை உலகில் திறந்துவிட்ட பண்டோரா, உண்மையை முன்கூட்டிச் சொல்லியும் யாரும் நம்பாத கசாண்ட்ரா. இந்தப் பெயரைச் சொன்னால் படித்தவர்கள் உடனே ஒரு நகைச்சுவை சொல்வார்கள். அதே நகைச்சுவையைக் குழந்தை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டும்.

நடுவில் நிற்பவை கடினம். அரியாத்னி அப்படிப்பட்ட பெயர். கிரீட் தீவின் அரசன் மினோஸின் மகள். சிக்கல் மாளிகையில் வீரன் தீசியஸ் வழிதவறாமல் இருக்க நூல்கண்டு கொடுத்தவள். அவனோ அவளை நாக்ஸோஸ் தீவில் தூங்கவிட்டுக் கப்பலேறிவிட்டான். பழங்கவிஞர் ஹோமர் சொல்வதில் அவள் வேட்டைத் தேவி ஆர்ட்டெமிஸின் கையால் சாகிறாள். பின்னால் பரவிய கதையில் மதுக் கடவுள் டயனீசஸ் அவளை மணந்து, அவள் கிரீடத்தை வானத்தில் நட்சத்திரங்களாக வைக்கிறான். இப்படி இரண்டு முடிவு இருந்தால், 'என் பெயருக்கு என்ன கதை' என்று குழந்தை கேட்கும்போது எதைச் சொல்வீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். சொல்ல வாய் வராது என்றால் பெயரை விட்டுவிடுங்கள்.

முடிவு நன்றாக இருக்கும் பெயர்களும் உண்டு. ஃபிரிஜியாவில் ஏழைக் கிழவன் பிலேமோனும் மனைவி பௌசிஸும் மாறுவேடத்தில் வந்த இரண்டு கடவுள்களுக்கு விருந்து வைக்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரே வாத்தைப் பிடித்துச் சமைக்கப் பார்க்கிறார்கள். அது இருவரையும் ஓடவிட்டுக் களைக்கவைத்து, கடைசியில் கடவுள்களின் காலடியிலேயே போய் ஒதுங்குகிறது. இருவரும் கேட்ட வரம், ஒருவர் சாவை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது மட்டும். ஒரே கணத்தில் இரண்டு மரங்களானார்கள். பிலேமோன் என்ற பெயர் தமிழ் வேதாகமத்திலும் இருப்பதால் (ஆள் வேறு) காதுக்கும் புதிதல்ல.

இயோனுக்கும் கதை நன்றாகவே முடிகிறது. பிறந்ததும் கைவிடப்பட்டு, டெல்ஃபி கோயிலில் வளர்ந்து, கடைசியில் தாயோடு சேர்கிறான். அயோனியர் என்ற கிரேக்க இனத்துக்கு அவனே மூதாதை. அந்த இனப் பெயர்தான் கீழ்த்திசை மொழிகளைக் கடந்து நம் சங்கப் பாடல்களில் யவனர் என்று வந்து நிற்கிறது. ஆண் பெயர்களில் தமிழ் வீட்டுக்குச் சொல்லும்படியான தொடர்பு உள்ளது இதுதான் என்று தோன்றுகிறது.

4. எந்த எலக்ட்ரா?

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எலக்ட்ரா மட்டும் மூன்று: கார்த்திகைச் சகோதரி, வானவில் தேவி ஐரிஸின் தாய், அப்பாவைக் கொன்ற தாயைப் பழிவாங்கத் தம்பியைத் தூண்டிய அகமெம்னானின் மகள். நீங்கள் முதலாமவளை நினைத்து வைத்தாலும் ஊர் மூன்றாமவளைத்தான் நினைக்கும். அல்சியோனியும் இரண்டு பேர். கடலில் இறந்த கணவனுக்காக மீன்கொத்தியானவள் நட்சத்திரக்காரி அல்ல.

குறிப்பேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'யாருடைய மகள்' என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

5. மூன்று உச்சரிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கிரேக்கப் பெயர்களுக்கு மூன்று உச்சரிப்பு உண்டு. காவியத்துக்குரிய கலைத்தேவி பழங்கிரேக்கத்தில் கல்லியோப்பே. இன்றைய ஏதென்ஸில் கல்லியோப்பி. ஆங்கிலத்தில் கலையப்பி. இளமைத் தேவியை ஹேபே, ஈவி, ஹீபி என்று மூன்று விதமாகவும் கேட்கலாம். சூனியக்காரி கிர்க்கே ஆங்கிலத்தில் சர்சி ஆகிவிட்டாள்.

தாய் ஒன்றும் தகப்பன் ஒன்றுமாகச் சொல்லத் தொடங்கினால் ஊர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். அதனால் எழுத்துக்கூட்டலுக்கு முன் உச்சரிப்பை முடிவு செய்யுங்கள். தமிழ் வீட்டுக்கு இன்றைய கிரேக்க உச்சரிப்பு வசதியானது. அதில் ஐந்தே உயிரொலிகள். எல்லாம் நம் அ, எ, இ, ஒ, உ அருகில் இருப்பவை. ஆங்கில உச்சரிப்பில் உயிரெழுத்து எந்த இடத்தில் எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விதி நினைவிருக்கட்டும். இந்தப் பெயர்களின் கடைசி உயிரொலி ஊமையல்ல. பெனலப்பி, பெனலோப் அல்ல. பெர்செஃபனி, 'பெர்சிஃபோன்' அல்ல.

6. தமிழ் வாயில் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான பெயர்கள் விழும். இதற்குத்தான் வீட்டுப் பெரியவர்கள் வேண்டும். பெயரை எழுதிக் காட்டாமல் ஒருமுறை சொல்லுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். தெருவில் கூப்பிடப்போகும் பெயர் அதுதான்.

முதலில் பொருள் மோதல். நகைச்சுவைக்கும் மலர்ச்சிக்கும் உரிய கலைத்தேவி தாலியா. பொருள் அருமை, கதை சுத்தம், ஒலி இனிமை. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'தாலியா?' கேள்விக்குறி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கடல் தேவதை கலாத்தியா இரண்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் கலாட்டா ஆகிவிடுவாள். வெற்றித் தேவி கிரேக்கர் வாயில் நீக்கி, தமிழில் அது வினையெச்சம். ஆங்கில உச்சரிப்புக்குப் போனால் செருப்புக்கடை. காதல் தேவனின் மனைவி சைக்கி 'சைக்கோ' ஆகிவிடுவாள் என்று சொல்லவே வேண்டாம். அரியோன் டால்ஃபின் முதுகில் கரை சேர்ந்த பாடகன்; தமிழ்நாட்டில் ஆரியன் என்று வாசிக்கப்பட்டு, பையன் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவான். வரலாற்றின் தேவி கிளியோ மட்டும் விதிவிலக்கு. கிளி என்று கூப்பிட்டால் எந்தக் குழந்தைக்கும் கோபம் வராது.

அடுத்தது எழுத்துத் தேய்வு. ஃப என்பது பல வாய்களில் ப ஆகும். ஃபீபி பீபி ஆனால் ரத்த அழுத்தம். அந்த முதல் எழுத்து மட்டுமே பள்ளிக்கூடத்தில் போதும். ஸான்தி சாந்தி ஆகிவிடும். பொன்னிறத்தாள் என்று ஹெசியடிலிருந்து தேடி எடுத்த அரிய பெயர், வகுப்புக்கு இரண்டு பேர் இருந்த பெயராகத் திரும்பி வரும். மாயா, ரியா, தியா மூன்றும் வாய்க்கு எளிது, ஆனால் இந்தியப் பெயராகவே எடுத்துக்கொள்வார்கள். சிலர் அதைத்தான் விரும்புவார்கள். அரியதாகத் தெரிய வேண்டும் என்றால் இவை உதவாது.

மூன்றாவது வேற்றுமை உருபு. பெயரோடு ஐ, க்கு, ஓட சேர்த்துப் பேசுங்கள். அமல்தேயாவை, இயாந்திக்கு, யூடோராவோட என்று ஆ, இ-யில் முடிபவை தமிழில் தடையில்லாமல் ஓடும். 'அட்லஸை எடுத்துட்டு வா' என்றால் புத்தக அலமாரிக்குத்தான் போவார்கள். அமல்தேயா குழந்தை சியூஸுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். சில கதைகளில் அவள் ஆட்டின் சொந்தக்காரி, சிலவற்றில் ஆடே அவள்தான். வீட்டில் அமலா என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பதால் எங்கள் பட்டியலில் அவளுக்கு எப்போதும் இடம் உண்டு.

கடைசியாக இனிஷியல். தகப்பன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வேகமாகச் சொல்லுங்கள். கே. ஓரியன் கொரியன் ஆகிவிடுவது அப்போதுதான் காதில் விழும்.

7. எழுத்துக்கூட்டல்

முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில். தமிழ் எழுத்துதான் அறிமுகமில்லாதவருக்கு உச்சரிப்பைச் சொல்லித்தரும். ஆங்கில எழுத்துகள் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தவை. வழியில் 'கே' 'சி' ஆனது, 'ஓஎஸ்' 'யூஎஸ்' ஆனது. அதனால் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும், எல்லாம் சரியானவைதான்.

இன்றைய கிரேக்க உச்சரிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆங்கிலத்தில் ககரத்துக்குக் 'கே' (K) போடுங்கள், கடைசி 'ஈ'க்குப் (E) பதில் 'ஐ' (I) போடுங்கள். அரியாத்னி, கல்லியோப்பி போன்றவற்றை இப்படி எழுதினால் கடைசி ஒலியை யாரும் விழுங்க மாட்டார்கள். 'டிஎச்' என்ற இணை தமிழ்நாட்டில் த என்றே வாசிக்கப்படும் என்பதால் இயாந்திக்கு அது சாதகம். எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுவது ஏற்கெனவே அரிதான பெயரில் வேண்டாத சுமை. தேர்வு விண்ணப்பத்திலிருந்து விமானச் சீட்டு வரை ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிவரும்.

8. இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்

மிஞ்சிய இரண்டு மூன்று பெயர்களை வாரத்துக்கு ஒன்றாகப் புழக்கத்தில் விடுங்கள். மருத்துவமனை வரிசையிலோ கூரியர்காரரிடமோ அந்தப் பெயரைச் சொல்லுங்கள். முதல் தடவையிலேயே எழுதிவிட்டால் தேறியது. ஒருமுறை திருப்பிக் கேட்டால் சகஜம். மூன்று முறை சொல்லியும் எழுதத் தெரியாமல் பேனாவை உங்களிடம் நீட்டினால், வாழ்நாள் முழுக்க அதுதான் நடக்கும்.

9. பதிவு

இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரையும் அன்றே எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயரைச் சேர்ப்பது எளிது, சேர்த்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. எட்டாவது படி முடியவில்லை என்றால் அவசரப்பட்டு எழுதாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால் இதில் விழும் பிழை எல்லா இடத்துக்கும் போகும். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 42 நாள் கெடு.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குழந்தை பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்து எவ்வளவு நீளம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தகப்பன் பெயர் பாலசுப்பிரமணியன் என்றால் மகளுக்கு டெர்ப்சிக்கோரி வேண்டாம், கிளியோ போதும்.

அலுவலகத்துக்குப் போகும்போது பெயரை வாயால் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கொடுங்கள். அச்சிடும் முன் திரையில் காட்டச் சொல்லி, ஆங்கில வரியை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். தமிழ் வரியில் ஆய்தம் விழுந்திருக்கிறதா, ஒற்று இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லியோப்பியில் ஒரு ப் விடுபட்டால் அவள் கல்லியோபி ஆகிவிடுவாள்.